உணவு வண்டியில் முதல் ஜப்பானியக் கறி: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஜப்பானியக் கறியை முதன்முறையாக வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் பலர் ஏமாற்றமடைவதற்கு, அதன் பெயரிலுள்ள 'கறி' என்ற சொல்லே பெரும்பாலும் காரணமாகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நாக்கு காரத்துக்கும் மசாலா வாசனைக்கும் தயாராகிவிடுகிறது. பெட்டியைத் திறந்தாலோ, கரும்பழுப்பு நிறத்தில், கரண்டியிலிருந்து மெதுவாக வழிந்து விழும் பதத்தில், முதலில் இனிப்பும் அதன் பின்னால் உப்பும் கடைசியில் சிறிதளவு காரமும் தரும் கெட்டிக் குழம்பு ஒன்று, ஒட்டும் சாதத்தின் அருகில் கிடக்கிறது. இதை வேறோர் உணவாக எண்ணிச் சாப்பிடத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டாவது வாயிலேயே பிடித்துப்போகிறது; பழகிய கறியோடு ஒப்பிட்டுக்கொண்டே சாப்பிடுகிறவர்களுக்குப் பெட்டி காலியாகும்வரை ஏதோ குறைவதாகவே தோன்றுகிறது.

முதல் அனுபவத்துக்கு உணவகத்தைவிட உணவு வண்டியே ஏற்றது என்பது என் கருத்து. வண்டியில் இடம் குறைவு என்பதால் பட்டியலும் சிறியது. நான்கைந்து பெயர்களுக்குள் தேர்வு முடிந்துவிடும். எண்ணெய்ச் சட்டியும் குழம்புப் பாத்திரமும் கண்ணெதிரே இருப்பதால், என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். பிடிக்காவிட்டால் இழப்பு ஒரு பெட்டியோடு போய்விடும். ஆனால் வண்டிக்கென்று சில சங்கடங்களும் உண்டு: விளக்கிச் சொல்லப் பரிமாறுபவர் இல்லை, பின்னால் வரிசை நிற்கிறது, உட்கார மேசை இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சன்னலருகே நின்று யோசிக்க வேண்டியவற்றை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டு போவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பெட்டியில் வருவது என்ன

கோதுமை மாவைக் கொழுப்பில் நிறம் மாறும்வரை வறுத்து, அதில் கறித்தூளைச் சேர்த்துக் கிளறினால் கிடைக்கும் விழுதுக்கு 'ரூ' என்று பெயர். வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, இறைச்சி ஆகியவற்றைத் தண்ணீரில் வேகவைத்து, கடைசியில் இந்த ரூவைக் கரைத்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படுகிறது. குழம்பின் பளபளப்பும் வழவழப்பும் மாவும் கொழுப்பும் சேர்ந்து தருபவை. இதை அறிந்துகொண்டாலே, பின்னால் வரும் பல அறிவுரைகளுக்குக் காரணம் விளங்கிவிடும்.

மாவு சேர்க்கும் இந்த வழக்கம் பிரிட்டனிலிருந்து வந்தது. மெய்ஜி காலத்தில், அதாவது 1868-க்கும் 1912-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், கறி ஜப்பானுக்குள் ஒரு மேற்கத்திய உணவாகவே நுழைந்தது. 1872-இல் அங்கு வெளியான மேற்கத்தியச் சமையல் நூல்களிலேயே அதன் செய்முறை இடம்பெற்றுவிட்டது. கடற்படை அதைத் தன் சமையலறைக்குள் எடுத்துக்கொண்டது. இன்றைய ஜப்பானியக் கடல்சார் தற்காப்புப் படையிலும் வெள்ளிக்கிழமை என்றால் கறிதான். கடலில் கிழமை மறந்துபோகாமல் இருக்க இந்த வழக்கம் உதவுகிறது என்கிறார்கள். 1950-களில் சாக்லேட் கட்டி வடிவத்தில் ரூ விற்பனைக்கு வந்தபின் கறி வீட்டுச் சமையலாகிவிட்டது. ஆப்பிளும் தேனும் சேர்த்த 'வெர்மாண்ட் கறி' 1963-இல் கடைகளுக்கு வந்தது. குழந்தைகளும் பெரியவர்களும் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடக்கூடிய கறியாக அது வீடுகளில் இடம்பிடித்தது. நீங்கள் முதல் வாயில் உணரும் இனிப்பு தற்செயலானது அல்ல என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன். வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டி வதக்குவது, துருவிய ஆப்பிள் சேர்ப்பது, ஒரு துண்டுக் கறுப்புச் சாக்லேட்டையோ சிறிது காபியையோ கரைப்பது ஆகியவற்றை ஜப்பானியர்கள் 'ககுஷி அஜி' என்கிறார்கள். மறைந்திருக்கும் சுவை என்று பொருள்.

சாதமும் வேறுதான். குட்டையான, உருண்ட ஜப்பானிய அரிசியில் சமைப்பதால் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரண்டியில் சிறு கட்டியாக எழும்பி வருகின்றன. குழம்பு அந்தக் கட்டியின் மேல் போர்வைபோலத் தங்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. உதிரியாக வடித்த நீள அரிசியோடு கொடுக்கும் வண்டிகளும் இருக்கின்றன. அது குற்றமில்லை என்றாலும், முதல் முறைக்கு அப்படிப்பட்ட வண்டியைத் தவிர்ப்பது நல்லது.

புறப்படுவதற்கு முன்

வண்டிகள் இடம் மாறும். நேற்று நின்ற தெருமுனையில் இன்று நிற்கும் என்று நம்பிப் போகாமல், வண்டியின் சமூக ஊடகப் பக்கத்தில் அன்றைய இடத்தையும் நேரத்தையும் அன்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மழை நாளில் முன்னறிவிப்பின்றி வராமலிருப்பதும் உண்டு.

மதிய உணவுக்கான கூட்டம் சேர்வதற்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருவது புதியவருக்குப் பல வகையில் உதவும். கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். எண்ணெய் புதிதாக இருக்கும். எல்லா வகைகளும் தீராமல் இருக்கும். குழம்பைக் காலையில் ஒரே பாத்திரமாகக் காய்ச்சிக் கொண்டுவருவதால், அது தீர்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மணிக்கணக்கில் கொதிக்க வேண்டிய ஒன்றை வண்டிக்குள் மறுபடி செய்ய முடியாது. பணம் எப்படி வாங்குகிறார்கள் என்பதையும் பார்த்து வையுங்கள்: ரொக்கம் மட்டும் வாங்கும் வண்டியும் உண்டு, ரொக்கமே வாங்காத வண்டியும் உண்டு.

வெள்ளைச் சட்டை அணிந்து போக வேண்டாம். கறித்தூளிலுள்ள மஞ்சள் துணியில் ஏறினால் சோப்புக்கு எளிதில் இறங்காது. ஏறிவிட்டால், துவைத்தபின் நல்ல வெயிலில் நாள் முழுவதும் காயப்போடுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதைந்துவிடுவதால் கறை மெல்ல வெளிறிவிடும். என் சட்டை ஒன்று இப்படித்தான் பிழைத்தது.

பலகையைப் படிப்பது

பட்டியலில் அதிகம் தென்படும் சொல் 'கட்சு'. இறைச்சித் துண்டை மாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, 'பாங்கோ' எனப்படும் சொரசொரப்பான ரொட்டித் தூளில் அழுத்தி, எண்ணெயில் முழுக்கப் பொரித்தெடுத்தால் அது கட்சு. 'கட்லெட்' என்ற சொல்லின் ஜப்பானிய உருவம் 'கட்சுரெட்சு'. அதன் சுருக்கம்தான் இது. ஜப்பானிய மொழியில் வெற்றிபெறுவதைக் குறிக்கும் சொல்லும் இதே ஒலியில் இருப்பதால், தேர்வுக்கு முந்தைய நாள் மாணவர்கள் இதைச் சாப்பிடுவதுண்டு. டோன்கட்சு என்றால் பன்றியிறைச்சி, சிக்கன் கட்சு என்றால் கோழி. இங்கே ஒரு குழப்பத்தைக் கவனிக்க வேண்டும்: பிரிட்டன் போன்ற இடங்களில் குழம்பையே 'கட்சு' என்று அழைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது, அதனால் 'கட்சு' என்று எழுதியிருக்கும் எல்லாவற்றிலும் பொரித்த துண்டு இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பலகையில் படம் இல்லாவிட்டால் கேட்டுக்கொள்ளுங்கள்.

'கராகே' என்பது ரொட்டித் தூள் இல்லாமல், சோயா சாஸும் இஞ்சியும் ஊறிய கோழித் துண்டுகளை ஸ்டார்ச் மாவில் புரட்டிப் பொரித்தது. 'கொரொக்கே' என்பது மசித்த உருளைக்கிழங்கை வட்டமாகத் தட்டிப் பொரித்தது. 'எபி' என்றால் இறால். பொரித்தது எதுவுமில்லாமல் இறைச்சியும் காய்களும் குழம்பிலேயே வெந்த வகையைச் சாதாரணமாக மாட்டிறைச்சிக் கறி, கோழிக் கறி என்று எழுதியிருப்பார்கள். ஜப்பானிய வீடுகளில் சமைக்கும் கறிக்கு இதுவே நெருக்கமானது. ஆனால் வண்டியில் விலைபோவது பெரும்பாலும் கட்சுதான்.

முதல் முறைக்கு எதை வாங்குவது? இறைச்சி சாப்பிடுகிறவராக இருந்தால், சிக்கன் கட்சு கறியை நடுத்தர அளவில், மேலே வேறெதுவும் சேர்க்காமல் வாங்குங்கள். குழம்பு, சாதம், மொறுமொறுப்பான துண்டு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று எப்படித் துணைபோகின்றன என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். சீஸ், அரைவேக்காட்டு முட்டை, சோளம், கீரை என்று மேலே போடுவதற்கு நிறைய வைத்திருப்பார்கள். அவற்றில் சீஸைக் குறிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன். உருகிய சீஸ் நாக்கில் படிந்தபின், ஏற்கெனவே மென்மையான இந்தக் குழம்பில் மசாலாவைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

காரத்துக்கு மூன்று பெயர்கள் வழக்கத்தில் இருக்கின்றன: 'அமகுச்சி' என்றால் இனிப்பு, 'சூகரா' என்றால் நடுத்தரம், 'கரகுச்சி' என்றால் காரம். 'குச்சி' என்பது வாயைக் குறிக்கும் சொல். ஜப்பானிய மொழியில் காரமாக இருப்பதற்கு 'கராய்' என்று பெயர் என்பதால், தமிழ் அறிந்தவருக்குக் கரகுச்சி மறக்கவே மறக்காது. ஒலி ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் 'கரே' என்று ஜப்பானியர் சொல்லும் பெயருக்கும் தமிழுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. தமிழின் 'கறி' ஐரோப்பியர் வாய்வழி ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஜப்பானுக்குப் போனது. சில வண்டிகள் பெயர்களுக்குப் பதிலாக எண்களை எழுதியிருக்கும். காரம் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் கூட முதல் முறை நடுத்தரத்திலேயே நிற்பது நல்லது. மேல்நிலைக் காரங்களுக்காகப் பெரும்பாலும் குழம்பைப் புதிதாகச் சமைப்பதில்லை. தயாராக இருக்கும் அதே குழம்பில் மிளகாய்த் தூளையோ காரச் சாற்றையோ கலந்து தருகிறார்கள். அதனால் எரிச்சல் கூடுகிறது, சுவை கூடுவதில்லை. போதாது என்று தோன்றினால் தனியாக மிளகாய்த் தூள் கேட்டு வாங்கி, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தூவிப் பார்க்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது

சைவ உணவினர், மத வழக்கத்தால் சில இறைச்சிகளைத் தவிர்ப்பவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோர் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். 'காய்கறிக் கறி' என்று பலகையில் எழுதியிருப்பதால் அது சைவம் ஆகிவிடாது. காய்கள் மிதப்பது உண்மையாக இருக்கலாம். அவை மிதக்கும் குழம்பு கோழி எலும்புச் சாற்றில் காய்ச்சியதாக இருக்கலாம். கடையில் விற்கும் ரூ கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இறைச்சிச் சாறோ சேர்ந்திருக்கிறது. பனை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பில் செய்த கட்டிகளும் உள்ளன. ஒரே நிறுவனத்தின் பொருளே உள்நாட்டுக்கு ஒருவிதமாகவும் ஏற்றுமதிக்கு இன்னொருவிதமாகவும் தயாராவதால், பெயரை வைத்து முடிவுக்கு வர இயலாது. அட்டையில் அச்சிட்ட உட்பொருள் பட்டியலைக் காட்ட முடியுமா என்று கேட்பது சரியான கேள்வி. வண்டிக்காரர் ரூவைத் தாமே செய்கிறவராக இருந்தால், எந்தக் கொழுப்பில் வறுக்கிறீர்கள், எந்தச் சாற்றில் காய்ச்சுகிறீர்கள் என்று இரண்டு கேள்விகள் போதும்.

மீனும் மறைந்து வரக்கூடும். உலர்த்திய மீனிலிருந்து எடுக்கும் 'தாஷி' என்ற சாறு, குறிப்பாகக் கறி ஊற்றிய நூடுல்ஸ் வகைகளில், வழக்கமாகச் சேர்கிறது. சுவைக்காகச் சேர்க்கும் வூஸ்டர் சாஸின் சில வகைகளில் நெத்திலி இருக்கும். சிவப்பு ஒயின் ஊற்றிக் காய்ச்சுகிறவர்களும் உண்டு.

கத்தரிக்காய், பூசணி, டோஃபு ஆகியவற்றில் செய்த கட்சுவைச் சைவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அதற்கு முன் இரண்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ரொட்டித் தூள் ஒட்டுவதற்கு முட்டையைப் பயன்படுத்தியிருக்கிறார்களா, கோழியும் இதுவும் பொரிவது ஒரே எண்ணெயிலா. வண்டிக்குள் இரண்டு எண்ணெய்ச் சட்டி வைக்க இடமிருப்பது அரிது என்பதால், இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆம், ஒரே எண்ணெய்தான்' என்றே பதில் வரும். அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். கொரொக்கேயும் சைவம்போலத் தோன்றும். பல செய்முறைகளில் உருளைக்கிழங்கோடு கொத்திறைச்சி சேர்ந்திருக்கும்.

கோதுமை ஒவ்வாதவர்களுக்கு வழக்கமான ஜப்பானியக் கறி ஏற்றதல்ல. குழம்பிலேயே மாவு இருக்கிறது, சோயா சாஸிலும் கோதுமை இருக்கிறது. அரிசி மாவில் ரூ செய்வதாக வண்டிக்காரரே அறிவித்திருந்தால் மட்டும் பேசலாம். பால், சோயா ஆகியவையும் பல ரூ கட்டிகளில் உண்டு. சிலவற்றில் வேர்க்கடலையும் உண்டு. ஒவ்வாமை கடுமையானதாக இருந்தால், நெருக்கடியான மதிய வேளையில் சன்னலருகே வாய்வார்த்தையாகக் கிடைக்கும் உறுதியை நம்பிச் சாப்பிட வேண்டாம். முந்தைய நாளே எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.

சன்னலருகே

வரிசையில் நிற்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்து வைக்கலாம். குழம்புப் பாத்திரம் மூடிவைத்தபடி, திறக்கும்போதெல்லாம் ஆவி எழும்புகிறதா என்பது ஒன்று. சூடாக வைத்து விற்கும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆவியே இல்லாமல் மேலே தோல்போலப் படர்ந்து கிடக்கும் குழம்பு நல்ல அறிகுறி அல்ல. கட்சு துண்டுகளை முன்பே பொரித்து அடுக்கி வைத்திருக்கிறார்களா, கேட்டபின் பொரிக்கிறார்களா என்பது மற்றொன்று. கேட்டபின் பொரிக்கும் வண்டியில் ஐந்து நிமிடமாவது கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருங்கள்.

முறை வந்ததும் வகை, காரம், அளவு, மேலே சேர்ப்பது என்ற வரிசையில் சொன்னால் எழுதிக்கொள்கிறவருக்கு எளிது: "சிக்கன் கட்சு கறி, நடுத்தரக் காரம், சாதாரண அளவு, மேலே எதுவும் வேண்டாம்." அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: குழம்பைக் கட்சுவின் மேல் ஊற்றாமல் பக்கத்தில் ஊற்றித் தர இயலுமா என்று. நல்ல வண்டிக்காரர்கள் கேட்காமலேயே அப்படித்தான் செய்வார்கள்.

நான் வழக்கமாகப் போகும் வண்டியில் சன்னலுக்கு இடப்பக்கம் நின்றால் வேலை முழுவதும் தெரியும். பொரிந்த துண்டைக் கம்பித் தட்டில் சாய்த்து நிறுத்தி, எண்ணெய் வடிய ஒரு நிமிடம்போல விட்டுவிடுகிறார் சமையல்காரர். பிறகு அகலமான கத்தியை மேலிருந்து நேராக அழுத்தி இறக்குகிறார். இழுத்து அறுப்பதில்லை, இழுத்தால் மேலோடு உரிந்துவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் காய்ந்த சருகை மிதித்தாற்போல ஒரு சத்தம் வருகிறது. ஆறு பட்டைகளையும் கத்தியின் பக்கவாட்டிலேயே மொத்தமாக அள்ளி, சாதத்தின் மேல் பாதி சாய்ந்தும் பாதி நிமிர்ந்தும் இருக்கும்படி வைத்துவிட்டு, கடைசியாகத்தான் குழம்பை எடுக்கிறார். அந்தக் குழம்பு கட்சுவின் ஒரு ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு பெட்டியின் காலிப் பக்கத்தில் பரவி நிற்கிறது.

பெட்டியை வாங்கியதும் கரண்டியும் கைத்துடைப்பும் எடுத்தோமா என்று பாருங்கள். சிவப்பு நிறத்தில் பொடியாக நறுக்கிய ஊறுகாய் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அதன் பெயர் 'ஃபுகுஜின்சுகே'. முள்ளங்கி, கத்தரி, தாமரைத் தண்டு போன்றவற்றைச் சோயா சாஸிலும் சர்க்கரையிலும் ஊறவைத்தது. ஜப்பானின் ஏழு அதிர்ஷ்டக் கடவுளரின் பெயரைத் தாங்கியது. அதற்குப் பதிலாகவோ அதனுடனோ 'ராக்கியோ' என்ற சிறு வெங்காய ஊறுகாய் வரலாம். இல்லாவிட்டால் கேளுங்கள், பல வண்டிகளில் கேட்பவர்களுக்கு மட்டும் தருவதற்காக உள்ளே வைத்திருப்பார்கள்.

சாப்பிடும் முறை

நேரம்தான் இங்கே முக்கியம். மூடியிட்ட பெட்டிக்குள் சாதத்தின் ஆவியும் குழம்பின் ஆவியும் மேலேறி, மூடியில் பட்டுத் துளியாகி, ரொட்டித் தூளின் மேலேயே விழுகின்றன. பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு பாதியாகிவிடும். அரை மணி நேரத்தில் ஈரத் துணி சுற்றிய கோழிதான் மிஞ்சும். என் முதல் பெட்டியை நான் மூடியைக்கூடத் திறக்காமல் நாற்பது நிமிடம் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போய், வீட்டில் அழகான தட்டில் கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஓராண்டுக்குப் பிறகு ஒரு நண்பர் வண்டியின் அருகிலேயே நிறுத்திச் சாப்பிட வைத்தபோதுதான் என் தவறு விளங்கியது. ஆகவே வண்டியிலிருந்து இரண்டு நிமிட நடையில் ஒரு திண்ணையையோ பூங்கா இருக்கையையோ, உணவு வாங்குவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போதே மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் ஆவி வெளியேறிவிடும்.

ஜப்பானியர்கள் கறிச் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுகிறார்கள். குச்சிகளோடு போராட வேண்டியதில்லை. சாதம் ஒரு பக்கமும் குழம்பு மறுபக்கமும் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் கரண்டியில் கொஞ்சம் வெள்ளைச் சாதமும் கொஞ்சம் குழம்பும் வர வேண்டும். எல்லாவற்றையும் முதலிலேயே கிளறிவிட்டால் ஒவ்வொரு வாயும் முந்தைய வாயைப் போலவே இருந்து, பாதியில் திகட்டிவிடும். முதல் இரண்டு மூன்று வாய்களைக் கட்சு இல்லாமல், குழம்பும் சாதமுமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். வதங்கிய வெங்காயத்தின் இனிப்பு முதலில் தெரியும். விழுங்கியபின் தொண்டையின் பின்பக்கத்தில் மிளகும் மசாலாவும் வந்து சேரும். பிறகு ஒரு பட்டையைக் குழம்பில் பாதி மட்டும் தோய்த்துக் கடியுங்கள். திகட்டத் தொடங்கும் இடத்தில் ஊறுகாயை இரண்டு துண்டு எடுத்துக்கொண்டால் நாக்கு புதுப்பிக்கப்படும். ஊறுகாயின் வேலையே அதுதான் என்பதால், அதை முதலிலேயே தின்று தீர்த்துவிட வேண்டாம்.

சூட்டைக் குறித்து ஓர் எச்சரிக்கை. மாவு சேர்ந்த கெட்டிக் குழம்பு தண்ணீர்க் குழம்பைவிட மிக மெதுவாகவே ஆறும். மேலே ஆறியதுபோலத் தோன்றினாலும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். உருளைக்கிழங்குத் துண்டு இன்னும் ஏமாற்றுக்காரன். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது அதைக் கரண்டியால் பிளந்து ஆறவிட்டுக் கொடுங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால்

வேறு வழியில்லை என்றால், குழம்பைத் தனிக் கிண்ணத்தில் மூடித் தரச் சொல்லுங்கள். பொரித்த துண்டைக் காகிதப் பையில் வாங்கிக்கொண்டு பையின் வாயைத் திறந்தே வையுங்கள். வீட்டில் மைக்ரோவேவில் குழம்பையும் சாதத்தையும் மட்டும் சூடாக்கி, கட்சுவை எண்ணெயில்லாத தவாவிலோ சூடான ஓவனிலோ சில நிமிடம் வைத்தெடுத்தால் மேலோடு ஓரளவு மீண்டுவிடும். இத்தகைய பயணத்துக்குக் கட்சு இல்லாத வகையே புத்திசாலித்தனமான தேர்வு.

மிச்சம் வைத்து மறுநாள் சாப்பிடுவது ஜப்பானில் ஓர் இன்பமாகவே கருதப்படுகிறது. 'இரண்டாம் நாள் கறி' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஆனால் கறிப் பாத்திரத்தை இரவு முழுவதும் அடுப்பின் மேலேயே விட்டுவிடுவதால் வயிற்றுக்கோளாறு நேர்வதும் அங்கே நன்கு அறியப்பட்ட செய்தி. கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் விதைகள் கொதிநிலையிலும் சாவதில்லை. காற்றுப் புகாத கெட்டிக் குழம்பின் அடியில், சூடு வெதுவெதுப்பாகக் குறையும் நேரத்தில் அவை முளைத்து விரைவாகப் பெருகுகின்றன. மிச்சக் குழம்பை அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி விரைவில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். மறுநாள் அடியிலிருந்து நன்றாகக் கிளறிக் கொதிக்க வைத்தபின் சாப்பிடலாம். வெயிலில் நின்ற காரில் மதியம் முழுவதும் கிடந்த பெட்டியைச் சாப்பிட வேண்டாம்.

அடுத்த முறை

பிடித்துப்போனவர்களுக்கு இரண்டாம் முறை வாங்க வேறு சில இருக்கின்றன. தடித்த கோதுமை நூடுல்ஸின் மேல் தாஷி கலந்த கறியை ஊற்றினால் அது 'கரே உடோன்'. உறிஞ்சிச் சாப்பிடும்போது சட்டையில் தெறிப்பது உறுதி. கெட்டிக் கறியை மாவுக்குள் பொதிந்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தால் 'கரே பான்'; நடந்துகொண்டே சாப்பிட ஏற்றது, முதல் கடியில் வாயைச் சுட்டுக்கொள்ளாமல் இருந்தால். ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரில் பிறந்த 'சூப் கறி' தண்ணீராக இருக்கும். முழுக் கோழிக்காலும் பெரிய காய்த் துண்டுகளும் அதில் கிடக்கும், சாதத்தைத் தனியாகக் கொடுப்பார்கள். மசாலா வாசனை தூக்கலாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு என் பரிந்துரை சூப் கறிதான். மாவின் கனம் இல்லாததால் அதில் ஒவ்வொரு மசாலாவும் தனித்தனியே தெரிகிறது.

முதல் முறை சீக்கிரம் போகச் சொன்னேன். வண்டியோடு பழகியபின் ஒரு நாள் கடை மூடும் நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். காலையிலிருந்து சூட்டிலேயே இருந்த குழம்பில் தண்ணீர் வற்றி, உருளைக்கிழங்கு பாதி கரைந்து, பாத்திரத்தின் அடியில் இருப்பது மதியத்துக் குழம்பைவிட ஒரு நிறம் கறுத்து, இருமடங்கு கெட்டியாக இருக்கும். கட்சு தீர்ந்துபோயிருக்கும். வெறும் சாதமும் அந்த அடிக்குழம்பும் மட்டும்தான் இருக்கின்றன என்று வண்டிக்காரர் தயங்கிச் சொன்னால், அதையே ஒரு பெட்டி கட்டித் தரச் சொல்லுங்கள்.